47 பேரும் 15 பேரும்

எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் எந்த மருத்துவச் செய்தி வந்தாலும் அதைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, மறுநாள் காலையில் என்னை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்வது மும்பையின் செம்பூரில் இருக்கும் சித்தப்பாவின் வழக்கம். மத்திய ரயில்வேயின் கணக்குப் பிரிவில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓர் எண் கண்ணில் பட்டால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடமாட்டார். அந்தேரியில், மருந்துச் சோதனைகளின் தரவுகளைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்தில் நான் வேலை பார்ப்பதால், உலகில் நடக்கும் எல்லா மருந்துச் சோதனைகளுக்கும் நான்தான் பொறுப்பு என்பது அவருடைய எண்ணம். 2024 பிப்ரவரியில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலிருந்து வந்த ஆய்வு ஒன்றை நானே அந்தக் குழுவில் பகிர்ந்திருந்தேன். வேறு எந்த மருந்துக்கும் சரியாக அடங்காத தன்னுடல் தாக்கு நோய் கொண்ட 15 பேருக்கு, நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த அவர்களுடைய டி செல்களையே எடுத்து மரபணு மாற்றம் செய்து திரும்பச் செலுத்தியிருந்தார்கள். 15 பேராலுமே நோயை அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட முடிந்தது. என் அக்கா மகளுக்கு அந்த வகை நோய்களில் ஒன்றான லூபஸ் இருப்பதால் அந்தச் செய்தி எங்கள் வீட்டில் வெறும் செய்தியாக இருக்கவில்லை.

சித்தப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார். “ஏண்டா, அன்னிக்கு அந்த 47 பேரை நம்ப முடியாதுன்னு சொன்னே. இன்னிக்கு 15 பேரைக் காட்டி நீயே சந்தோஷப்படறே. 47 பெரிசா, 15 பெரிசா?” நான் ஏதோ பதில் சொன்னேன். அந்தப் பதிலின் சொற்கள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் அது எனக்கே போதவில்லை. இன்றுவரை அந்தக் கேள்வியை நான் பல பக்கங்களிலிருந்து அணுகிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

47 பேரின் கதையைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் தீவிர சிகிச்சை மருத்துவரான பால் மாரிக், செப்சிஸ் நோயாளிகளுக்கு வைட்டமின் சி, ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு, தயமின் மூன்றையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்து, அதன் விளைவை 2017இல் வெளியிட்டார். அப்படிக் கொடுக்கப்பட்ட 47 பேரில் 4 பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாத 47 பேரில் 19 பேர் இறந்தார்கள். நோய்த்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகமும் நுரையீரலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கும் அந்த நிலையில், இத்தனை மலிவான மருந்தால் இத்தனை உயிர்கள் பிழைக்கும் என்றால் அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. காரணமும் பொருத்தமாகவே இருந்தது. செப்சிஸில் இரத்தத்தின் வைட்டமின் சி அளவு மளமளவென்று குறைகிறது. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நோரட்ரினலினை உடல் தயாரிப்பதற்கு அந்த வைட்டமின் தேவை. மனித உடலோ அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத உடல்.

ஆனால் அந்த இரண்டு 47 பேரும் ஒரே காலத்தில் அருகருகே சிகிச்சை பெற்றவர்கள் அல்லர். மருந்து பெறாதவர்கள் 2015இன் பிற்பாதியில் அனுமதிக்கப்பட்டவர்கள். மருந்து பெற்றவர்கள் 2016இன் முற்பாதியில் வந்தவர்கள். பருவம் மாறியிருக்கலாம், கவனிப்பு மாறியிருக்கலாம், புது முறையொன்று வந்த உற்சாகத்தில் ஊழியர்களின் சுறுசுறுப்புகூடக் கூடியிருக்கலாம். என் வேலையில் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கப்படும் பாடம் இது. ஆகவே அன்றே நான் ஐயம் தெரிவித்தேன், அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

கொடுத்துப் பார்ப்பதில் என்ன போகிறது

2018 மழைக்காலத்தில் சித்திக்குச் சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவி, நகரத்தின் தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யு.வில் சேர்க்கப்பட்டார். மும்பை மழையில் கிழக்கு விரைவுச் சாலையில் ஆம்புலன்ஸ் ஊர்ந்த கதையெல்லாம் இங்கே வேண்டாம். இரண்டாம் நாள் சித்தப்பா, தான் படித்திருந்த வைட்டமின் சி பற்றிய செய்தியை மருத்துவரிடம் காட்டினார். அந்த மருத்துவர் நல்லவர், பொறுமையாகப் படித்தார். பலன் உறுதியில்லை, ஆனால் இது வைட்டமின்தானே, தீங்கில்லை, விருப்பமென்றால் கொடுக்கலாம் என்றார். எனக்கும் அதை மறுக்க ஆதாரம் எதுவும் இல்லை. மருந்து ஏற்றப்பட்டது. சித்தி பிழைக்கவில்லை.

அதன் பிறகு சோதனைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் மருத்துவமனைகளில் 211 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020 தொடக்கத்தில் வந்தது. மூன்று மருந்துகளின் கூட்டணி, ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டும் கொடுத்ததைவிட மேலானதாக இல்லை. அமெரிக்காவில் 501 பேரிடம் நடந்த இன்னொன்றிலும் பலன் இல்லை. பிறகு 2022 ஜூனில் லோவிட் என்ற சோதனையின் முடிவு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. செப்சிஸ் நோயாளிகளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லிகிராம் வீதம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு நாட்கள் வைட்டமின் சி. மறுபாதிப் பேருக்கு மருந்தற்ற திரவம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. இருபத்தெட்டாம் நாளில் இறந்திருந்தவர்களும் உறுப்புகள் செயலிழந்த நிலையிலேயே இருந்தவர்களும் சேர்ந்து, வைட்டமின் பெற்ற தரப்பில் நூற்றுக்கு 44.5, பெறாத தரப்பில் 38.5. இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் 35.4, 31.6. வைட்டமின் உதவவில்லை என்பதோடு நிற்காமல், அது நிலைமையை மோசமாக்கியது என்ற பக்கம் தராசு சாய்ந்திருந்தது.

அந்த வாரம் செம்பூருக்குப் போனபோது சித்தப்பா அதைப் படித்து முடித்திருந்தார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் கேட்டதும் அதையேதான்: அப்படியென்றால் நாம் கேட்டு வாங்கிக் கொடுத்ததுதான் அவளைக் கொன்றதா? இதற்கு என் தொழில் வைத்திருக்கும் பதில் உண்மையானது, ஆனால் ஆறுதலாக இல்லாதது. ஒரு சோதனை நானூறு பேர் கொண்ட கூட்டத்தைப் பற்றிப் பேசும். அந்தக் கூட்டத்தில் இல்லாத ஒருத்தியைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. வைட்டமின் பெற்றவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள், பெறாதவர்களிலும் பலர் இறந்தார்கள். தவிர லோவிட்டில் ஸ்டீராய்டையும் தயமினையும் கட்டாயமாகச் சேர்த்துக் கொடுக்கவில்லை. சித்திக்குக் கொடுக்கப்பட்டது வேறு கூட்டணி. இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அதெல்லாம் சரி. தீங்கில்லைன்னு அன்னிக்குச் சொன்னாங்களே, அது எந்தக் கணக்கு?”

அந்த நிமிடம்வரை நான் கேட்டுப் பார்த்திராத கேள்வி அது. மருந்து பலன் தரும் என்று ஒருவர் சொன்னால் உடனே ஆதாரம் எங்கே என்று கேட்கும் என் தொழிலில்கூட, தீங்கு தராது என்று சொன்னால், அதுவும் வைட்டமினைப் பற்றிச் சொன்னால், ஆதாரம் கேட்கும் வழக்கம் தளர்ந்துவிடுகிறது. பலன் தருகிறது என்பது ஒரு கூற்று என்றால் தீங்கு தராது என்பதும் ஒரு கூற்றுதான். இரண்டையும் எண்ணித்தான் அறிய வேண்டும், பெரும்பாலும் இரண்டாவதை அறிய இன்னும் அதிகமான பேரை எண்ண வேண்டும். 47 பேரில் நான் கண்ட குறை, பலனைப் பற்றிய குறை மட்டுமே. தீங்கைப் பற்றி அந்த 47 பேர் எதையுமே சொல்லியிருக்க முடியாது என்பதை ஓய்வு பெற்ற ரயில்வே கணக்கர்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு தேடத் தொடங்கினால் விவரங்கள் இல்லாமல் இல்லை. மிகை அளவு வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகிறது. ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவிகள் சிலவற்றில், இரத்தத்தில் வைட்டமின் சி மிகுந்திருந்தால் சர்க்கரை இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உண்மையான சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வைட்டமின் டியும் இப்படியே. குறைபாடு உள்ள தீவிர சிகிச்சை நோயாளிகள் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம், ஒரே வேளையில் 5,40,000 யூனிட் கொடுத்துப் பார்த்த சோதனை 2019இல் வெளிவந்தது. தொண்ணூறு நாள் இறப்பு வைட்டமின் பெற்றவர்களில் நூற்றுக்கு 23.5, பெறாதவர்களில் 20.6. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பலன் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. நம் ஊர் மருந்துக்கடைகளில் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையையும் பொடிப் பொட்டலத்தையும் மருந்துச் சீட்டில்லாமலே வாங்கிப்போகிறவர்களைப் பார்க்கும்போது, வாரம் ஒன்று என்பதை நாளொன்று என்று யாராவது புரிந்துகொண்டால் இரத்தத்தில் கால்சியம் என்ன ஆகும் என்று எனக்கு இப்போதெல்லாம் கவலை வந்துவிடுகிறது.

திருச்சியும் பரேலும்

வைட்டமின் என்றாலே ஏமாற்று என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தொற்றுநோய்ச் சாவுகளை ஒரு வைட்டமின் உண்மையாகவே குறைத்ததற்கான உறுதியான சான்றுகளில் ஒன்று நம் திருச்சி வட்டாரத்திலிருந்தே கிடைத்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ரஹ்மதுல்லாவும் அவருடைய குழுவினரும் 15,419 சிறு குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டார்கள். 1990இல் வெளியான அந்த முடிவின்படி இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் இன்றும் பரிந்துரைக்கிறது. இங்கே குறைபாடு உண்மையானது, நீண்ட காலமாக இருந்தது, கொடுக்கப்பட்ட அளவு உணவில் கிடைக்க வேண்டிய அளவை ஒத்தது. ஐ.சி.யு.வில் சில மணி நேரத்தில் ஏற்படும் வீழ்ச்சியை மலையளவு மருந்தால் நிரப்ப முயல்வது வேறு செயல்.

தன்னுடல் தாக்கு நோயில் வைட்டமின் டி பற்றிய செய்தி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 25,871 பேரிடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த வைட்டல் சோதனையில், நாளொன்றுக்கு 2,000 யூனிட் எடுத்தவர்களில் 123 பேருக்குப் புதிதாகத் தன்னுடல் தாக்கு நோய் வந்தது. எடுக்காதவர்களில் 155 பேருக்கு. 22 விழுக்காடு குறைவு என்று செய்தித்தாள்கள் எழுதின, கணக்கும் சரிதான். ஆனால் ஒவ்வொரு தரப்பிலும் ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் பேர் இருந்தார்கள் என்பதையும், இது நோயே இல்லாதவர்களுக்கு நோய் வராமல் இருந்ததைப் பற்றியதே ஒழிய வந்த நோய் தணிந்ததைப் பற்றியது அல்ல என்பதையும் எழுதியவர்கள் குறைவு. மாத்திரையை நிறுத்திய இரண்டாண்டுகளில் அந்தப் பாதுகாப்பு மங்கிவிட்டதை 2024இல் அதே குழுவினர் வெளியிட்டார்கள். என் அக்கா மகளுக்கு வயது இருபத்தாறு, நோய் வந்தாயிற்று. அவளுடைய மருத்துவர் வைட்டமின் டியை எலும்புக்காகத் தருகிறார், லூபஸுக்காக அல்ல. அதைத் தெளிவாகச் சொல்லியும் தருகிறார்.

அவளுக்கு முதலில் மூட்டு வலிதான் இருந்தது. அப்போது எழுதிக் கொடுக்கப்பட்டது வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின். ஒன்று மற்றொன்றின் எதிரி. இந்த இணையின் வரலாறு, அவள் சிகிச்சைக்குப் போய்வரும் அதே பரேலிலிருந்து தொடங்குகிறது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கருவுற்ற பெண்களைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகை இரத்தசோகையை பரேலின் ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்து ஆராய்ந்தார். இடையில் குன்னூரிலும் பணியாற்றினார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த, ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் அந்தச் சோகையைத் தீர்த்தது என்று 1931இல் எழுதினார். அதில் இருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் ஆசிட் என்று அறியப்பட்டது. அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டவர்.

சிட்னி ஃபார்பர் என்ற பாஸ்டன் மருத்துவர் இந்த வைட்டமினை இரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது புற்று வேகமாக வளர்வதாகத் தோன்றியது. வைட்டமின் வளர்த்தால், வைட்டமினைத் தடுக்கும் பொருள் அடக்க வேண்டுமே என்று அவர் எண்ணினார். சுப்பாராவின் குழு தயாரித்துக் கொடுத்த அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குச் செலுத்தி, 10 பேரிடம் தற்காலிகத் தணிவு கண்டதாக 1948இல் வெளியிட்டார். அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் புற்றுநோயில் தொடங்கி, மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கு வந்து சேர்ந்தது. வாரம் ஒருமுறை என்பதை மறந்து தினமும் விழுங்கினால் உயிரைப் பறிக்கும் மருந்து அது. அப்போது முறிவு மருந்தாகக் கொடுக்கப்படுவதும் ஃபோலிக் ஆசிடின் ஒரு வடிவமே.

இந்த 16 குழந்தைகள்தான் சித்தப்பாவின் கேள்விக்கு எனக்கு ஓரளவு வழி காட்டியவர்கள். ஃபார்பருக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தனித் தரப்பு இல்லை, குலுக்கல் இல்லை, எண்ணிக்கையோ 47இல் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்தக் காலத்தில் கடும் இரத்தப் புற்று வந்த குழந்தை என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருந்தில்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு விடை முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்ததால், பத்துக் குழந்தைகள் அந்த விடையை மாற்றியது போதுமானதாயிற்று. செப்சிஸில் அப்படி எழுதி வைக்கப்பட்ட விடை கிடையாது. ஒரே வார்டில், ஒரே கிருமியோடு, ஒரே வயதில் இருக்கும் இருவரில் ஒருவர் வீட்டுக்கு நடந்து போகிறார், மற்றவர் போவதில்லை. அங்கே ஒருவருடைய கதையை அளக்க இன்னொருவருடைய கதை தேவை. அந்த இன்னொருவர் எல்லா வகையிலும் இணையானவராக இருக்க வேண்டும். அதைக் குலுக்கலால் மட்டுமே உறுதி செய்ய முடியும்.

ஒரே மருந்து, இரண்டு நோய்கள்

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. செப்சிஸும் லூபஸும் நோய் எதிர்ப்பு அமைப்பு தவறாக நடந்துகொள்ளும் நோய்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அப்படியானால் ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றதற்கும் உதவ வேண்டும். 1990களில் மருத்துவ உலகம் இப்படித்தான் எண்ணியது. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் செப்சிஸ் அடங்கும் என்று எதிர்பார்த்து, இன்று எடனர்செப்ட் என்று அறியப்படும் மருந்தை 141 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1996இல் வந்த முடிவு: மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 30 பேர் இறந்தார்கள், அதிகபட்ச அளவு பெற்றவர்களில் 53 பேர். இரண்டே ஆண்டுகளில் அதே மருந்து அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்று, எத்தனையோ பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. அதே புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களில் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001இல் வந்தது. நுரையீரலில் அடைபட்டுக் கிடந்த கிருமியைச் சிறைக்குள் வைத்திருந்ததும் அதே டிஎன்எஃப்தான். மும்பையில் இந்த மருந்துகளைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்யாத மூட்டு மருத்துவரை நான் பார்த்ததில்லை.

ஸ்டீராய்டும் இந்த வகைதான். 2020 ஜூனில் வந்த ரெகவரி சோதனையில் டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை, தீங்குக்கான சாயல்கூடத் தெரிந்தது. நோய் ஒன்று, மருந்து ஒன்று, மாறியது நோயின் கட்டம் மட்டுமே. அந்த ஆண்டு மாட்டுங்கா கடைத்தெருவில் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படாத பொருளே இல்லை. அதே வாரங்களில் என் அக்கா, மகளின் ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தேடிச் சயானிலும் முலுண்டிலும் கடை கடையாக ஏறி இறங்கினாள். கொரோனா வராமல் தடுக்கும் என்ற பேச்சில் லூபஸ்காரர்களின் மாத்திரை மொத்தமும் அலமாரிகளிலிருந்து மறைந்துவிட்டிருந்தது. எதிர்ப்பு சக்தி அவளுக்கு ஏற்கெனவே கூடுதலாகவே இருக்கிறது என்று ஒவ்வொரு உறவினரிடமும் அக்கா விளக்கிக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது.

எர்லாங்கனின் 15 பேர்

இனி அந்த 15 பேர். கியோர்க் ஷெட் தலைமையிலான குழு 2021இல் இருபது வயது லூபஸ் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியது; 2022இல் ஐந்து பேரைப் பற்றி; 2024இல் எட்டு லூபஸ் நோயாளிகள், மூன்று தசையழற்சி நோயாளிகள், நான்கு தோல் இறுக்க நோயாளிகள் என்று 15 பேரைப் பற்றி. செய்முறை புற்றுநோயில் பழகியதுதான். நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, வைரஸ் ஒன்றின் வழியே அவற்றுக்குள் புதிய மரபணுவைச் செருகி, எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பி செல்களின் மேற்பரப்பில் உள்ள சிடி19 என்ற புரதத்தை அடையாளம் காணப் பழக்கி, திரும்பச் செலுத்துகிறார்கள். அதற்கு முன் சில நாட்கள் ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஆகிய புற்றுநோய் மருந்துகளால் பழைய செல்களைக் குறைக்கிறார்கள். தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கும் பரம்பரை பி செல்களில்தான் இருக்கிறது; அவை அனைத்தும் அழிகின்றன. சில மாதங்களில் பி செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து மீண்டும் பிறக்கின்றன, ஆனால் பழைய பகையை அறியாதவையாக. தட்டம்மை போன்றவற்றுக்கு முன்பு போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பைத் தாங்கும் முதிர்ந்த செல்களில் சிடி19 பெரும்பாலும் இல்லாததால் அந்தப் பாதுகாப்பு ஏறக்குறைய அப்படியே நின்றது.

இவர்களை நான் நம்புவதற்குக் காரணம் ஃபார்பரின் காரணமேதான். பல ஆண்டுகள், பல மருந்துகள் தோற்ற பிறகும் அடங்காத லூபஸ் ஒரே ஊசிக்குப் பின் எல்லா மருந்தையும் நிறுத்தியும் தலைதூக்காமல் ஓராண்டுக்கு மேல் இருப்பது தானாக நடக்கும் செயல் அன்று; ஒவ்வொரு நோயாளியின் கடந்த காலமும் அவருக்கே ஒப்பீடாக நிற்கிறது. இதையே சித்தப்பாவிடம் இன்னும் விரிவாகச் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். நான்தான் ஒப்புக்கொள்ள முடியாமல் இருக்கிறேன், ஏனென்றால் என் விளக்கத்துக்கு எதிரான சாட்சியும் எனக்குத் தெரியும்.

ரிடக்சிமாப் என்ற மருந்தும் பி செல்களைத்தான் அழிக்கிறது. இந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில், மற்ற மருந்துகள் தோற்ற லூபஸ் நோயாளிகள் சிலரிடம் அது செய்த அற்புதங்களைப் பற்றி எர்லாங்கன் அறிக்கையைப் போலவே பல சிறு அறிக்கைகள் வந்தன. அங்கும் ஒவ்வொருவருடைய கடந்த காலமே ஒப்பீடு. பிறகு 257 பேரிடம் குலுக்கல் முறையில் நடந்த எக்ஸ்ப்ளோரர் சோதனை 2010இல் வெளியானபோது, மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் அடிப்படை அளவுகோலில் வேறுபாடு இல்லை. எல்லோருக்கும் கூடவே நிறைய ஸ்டீராய்டு கொடுத்ததால் வேறுபாடு மறைந்துவிட்டது என்று சிலர் வாதிட்டார்கள். ரிடக்சிமாப் இரத்தத்தில் ஓடும் பி செல்களை அழித்தாலும் நிணநீர்க் கணுக்களின் ஆழத்தில் இருப்பவற்றை விட்டுவிடுகிறது, மாற்றப்பட்ட டி செல்களோ அங்கேயும் போய்த் துடைக்கின்றன என்று எர்லாங்கன் குழு கணுக்களைக் கீறி எடுத்துக் காட்டியிருக்கிறது. இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. வைட்டமின் சி விஷயத்தில் நோரட்ரினலின் பற்றிய விளக்கமும் பிடித்துத்தான் இருந்தது.

தீங்கின் கணக்கில் 15 பேர் இன்னும் குறைவு. அவர்களில் பெரும்பாலோருக்கு இலேசான காய்ச்சல் வந்து போனது, ஒருவர் நிமோனியாவில் மருத்துவமனையில் சேர்ந்தார். ஆனால் இதே வகைச் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகள் சிலரிடம் டி செல்லிலேயே புதுப் புற்று தோன்றியதால், 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அது மிக அரிது. அரிதானதை 15 பேரிடம் காண முடியாது. சாகும் தறுவாயில் உள்ள புற்றுநோயாளிக்கு அது பொருட்டல்ல. இன்னும் ஐம்பது ஆண்டுகள் வாழ வேண்டிய இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

இந்தச் சிகிச்சை இனி ஜெர்மனியில் மட்டும் உள்ள ஒன்றல்ல. பவாயில் உள்ள ஐஐடியும் பரேலின் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. வெளிநாட்டு விலையில் சிறு பங்குதான் என்றாலும் பல லட்சம் ரூபாய் ஆகும். அனுமதி இரத்தப் புற்றுகளுக்கு மட்டுமே. மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் தயாராகும் ஒன்று தன் நோய்க்கும் வருமா என்று அக்கா மகள் தன் மருத்துவரிடம் கேட்டாள். லூபஸ் தாக்கிய அவளுடைய சிறுநீரகம், எதிர்ப்புத் திறனை அடக்கும் மைக்கோஃபீனோலேட்டில் கட்டுக்குள் இருக்கிறது, எர்லாங்கனில் சேர்த்துக்கொண்டது இப்படிக் கட்டுக்குள் வராதவர்களை என்றார் அவர். முன்தயாரிப்பில் கொடுக்கப்படும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு சூலகத்தின் கருமுட்டைகளைப் பாதிக்கும் என்பதையும் அவரே சொன்னார். அவளுக்கு அடுத்த ஆண்டு திருமணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

லூபஸ் நோயாளிகளின் உயிருக்குப் பெரிய பகை பல சமயம் லூபஸ் அல்ல, அதை அடக்கும் மருந்துகள் திறந்துவிடும் தொற்று. ஆகையால் மருத்துவர் அவளுக்கு எழுதிக் கொடுத்தது நிமோனியா தடுப்பூசி. எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் சித்தப்பாவின் நோய் பிடித்துவிட்டது. இந்த ஊசியை எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று அவளே என்னிடம் கேட்டாள். நெதர்லாந்தில் அறுபத்தைந்து வயதைக் கடந்த ஏறக்குறைய 84,500 பேரிடம், 2015இல் வெளியானது, அந்தத் தடுப்பூசி குறிவைக்கும் கிருமி வகைகளால் வரும் நிமோனியாவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று சொன்னேன். அதில் தன்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்றாள். எதிர்ப்புத் திறன் குன்றியவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. அதையும் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, மைக்கோஃபீனோலேட்டின் அளவை இனிக் கூட்ட நேர்ந்தால் ஊசி இதைவிடக் குறைவாகத்தான் வேலை செய்யும், ஆகவே இப்போதே போட்டுக்கொள்கிறேன் என்று சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள்.